பதினாலு நாள்

பேர் ஆரோக்கியம். சர்க்கரை முந்நூற்றி இருபது.
டெப்போவில் இந்தச் சிரிப்புக்கு வயது பதினாறு.
இப்போது யாரும் புதிதாகச் சிரிப்பதில்லை.

காரைக்குடி – திருப்பத்தூர், நாளைக்கு எட்டு நடை.
தோள்பையில் டிக்கெட் மெஷின்.
காக்கிச் சட்டையின் இடது கைக்குள்
பத்து ரூபாய்க் காசளவு வெள்ளை வில்லை,
தோலுக்குள் முடி மாதிரி ஓர் ஊசி.
ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம்
என் ரத்தம் போனுக்குச் சீட்டுக் கிழிக்கிறது.

முன்னெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒரு குத்து, ஓர் எண்.
எந்த ஸ்டேஜில் யார் ஏறினார், யார் இறங்கினார்
என்று எதுவும் இல்லாமல்
கடைசி வசூலை மட்டும் எழுதிய டிரிப் ஷீட்.
டாக்டரம்மா எண்ணைப் பார்ப்பார்.
அப்புறம் என்னைப் பார்ப்பார்.
சீட்டு வாங்காமல் மாட்டிக்கொண்டவனின் முகம்
எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்;
அந்த முகத்தோடு நிற்பேன்.

இப்போது ஒரு கோடு.
கோட்டையூர்க் கல்யாணத்தில் கவுனி அரிசி இரண்டு கரண்டி.
ஒன்றரை மணி நேரத்தில் போனுக்குள்
குன்றக்குடி மலை எழுந்து நிற்கிறது.

கோடு பொய் சொல்லாது. நான் சொல்வேன்.
"ஒரு கந்தரப்பந்தான்" என்றேன் சகாயராணியிடம்.
சிங்கப்பூரில், தெம்பனிஸில், யாரோ வீட்டு அடுப்படியில் நின்றபடி
அவளும் அதே கோட்டைத்தான் பார்க்கிறாள்.
"ஒண்ணுக்கு இவ்வளவு ஏறாது. மூணு."

கடல் தாண்டி இருக்கிறவள்
என் வாய்க்குள் உட்கார்ந்து எண்ணுகிறாள்.
கோபத்தில் அவளுக்குப் போகாதபடி அணைத்து வைத்தேன்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
மூன்றாம் நாள் நானே போட்டேன்.

ஒன்பதாம் ராத்திரி, மூன்று மணி.
போன் கத்தியிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை.
அங்கே ஐந்தரை.
அந்த வீட்டுப் பிள்ளைக்கு முட்டை அவித்துக்கொண்டிருந்தவளுக்குக் கேட்டது.
ஏழு தரம் அடித்தாளாம். எட்டாவதற்கு எடுத்தேன்.
பாய் நனைந்திருந்தது. கை என் கையாக இல்லை.
"நாப்பத்தெட்டுங்க. எந்திரிங்க.
அலமாரி மேல் தட்டு, பச்சை மூடி டப்பா, சீனி."
போகும்போது எனக்குத் தெரியாமல்
அவள் ஒளித்து வைத்த சீனி.
நான் விழுங்கும் வரை லைனிலேயே இருந்தாள்.
தண்ணீர் வற்றி முட்டை வெடித்த சத்தம் கேட்டது.

செக்காலை ரோடு. டோக்கன் நாற்பத்தொன்று.
வெறும் வயிற்றில் இருநூற்றுப் பத்து.
"ராத்திரி ஊசி நாலு யூனிட் கூட்டிக்கங்க."
எழுதவும் தொடங்கிவிட்டார்.
பதினாறு வருடமாக 'சரிங்கம்மா' மட்டும் தெரிந்த வாய்
"மூணு மணியப் பாருங்கம்மா" என்றது.
போனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
விரலால் தள்ளினார். இன்னொரு ராத்திரி. இன்னொன்று.
எல்லாவற்றிலும் அதே பள்ளம்,
பள்ளத்திலிருந்து துள்ளி ஏறும் காலை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
எழுதியதை அடித்தார்.
நாலு குறைத்தார்.
"கூட்டியிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல்
நாற்பத்திரண்டுக்கு மணி அடித்தார்.

வில்லை ஐயாயிரத்துக்குப் பக்கம். ஆயுள் பதினாலு நாள்.
பதினைந்தாம் நாள் உரித்தேன்.
தோலில் முத்திரை குத்தியது போல ஒரு வட்டம்.
அடுத்தது தீபாவளி போனஸில்.

கோடு போய்விட்டது.
ஆனால் பதினொன்று நாற்பதுக்கு, பிள்ளையார்பட்டி விலக்கில்,
கை தானாகப் பைக்குள் பிஸ்கட்டைத் தேடுகிறது.
மீதிச் சில்லறைக்குக் கை நீட்டியவர்
கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறார்.

ராத்திரி அவள் கூப்பிட்டாள்.
அவள் போனிலும் இப்போது வெறும் வெள்ளை.
"என்ன சாப்பிட்டீங்க?"
"ரெண்டு இட்லி."
கொஞ்ச நேரம் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம்.
"ரெண்டா?"

"நாலு."